பதிமூன்று வருடம் கழித்துப் பால் காய்ச்சினோம்

கையில் இருக்கிற மஞ்சள் கயிற்றைத்தானே பார்க்கிறீர்கள்? கோயிலில் கட்டியது இல்லை அக்கா. புதுமனை புகுவிழாவுக்குக் கட்டியது. நேற்றுதான். ஓசூரில், ரிங் ரோட்டைத் தாண்டி எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு ஹால், மொட்டை மாடி. வாழ்த்துச் சொல்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களை ஏமாற்றியது போல ஆகிவிடும். அந்த வீட்டில் நாங்கள் பதிமூன்று வருடமாகக் குடியிருக்கிறோம்.

சிரியுங்கள், பரவாயில்லை. ஹோமம் வளர்க்க வந்த ஐயரும் சிரித்தார்.

நீங்கள் தருமபுரியில்தானே இறங்க வேண்டும்? அப்படியென்றால் நேரம் இருக்கிறது, இப்போதுதான் கிருஷ்ணகிரி போகிறது. நான் சேலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பல்கலைக்கழக வாசலில் இறங்குவேன். எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருடம். நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன் என்று ஹாஸ்டலில் ஒரு பெயர் உண்டு. பேசுவது வேறு, வாதிடுவது வேறு. அது அவர்களுக்குப் புரியாது.

எங்கள் அப்பா முனிரத்தினம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லேத் மெஷினில் இருந்தார். போன மாதம் வேலையை விட்டுவிட்டார். வயது ஐம்பது. யாரும் போகச் சொல்லவில்லை. அவருடைய சூப்பர்வைசர் ஒருவர் ஐம்பத்தெட்டு முடிந்து, மாலையும் கழுத்துமாகக் கம்பெனி வண்டியில் வீட்டுக்குப் போனவர், இரண்டே மாதத்தில் செத்துப்போனார். நான் அப்போது நான்காம் வகுப்பு. அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடவில்லை. "காவேரி, அம்பது வயசுல நான் கம்பெனி கார்டைத் திருப்பிக் குடுத்துடுவேன். அதுக்குள்ள வீட்டுக் கடனும் முடிஞ்சிருக்கணும்" என்றார். காவேரி என் அம்மா. அம்மா "சரிங்க" என்றாள். அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க"தான்.

இருபது வருடக் கடன் அக்கா. பதிமூன்றில் முடித்தார். எப்படி முடித்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? நாங்கள் வாழாமல் முடித்தார். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். கம்பெனி கேன்டீனில் டீ குடிக்க மாட்டார். உழவர் சந்தையில் கடை கட்டுகிற நேரம் பார்த்துப் போய் நசுங்கின தக்காளியை அள்ளி வருவார். எனக்கும் அவருக்கும் அம்மாதான் முடி வெட்டுவாள். பொழுது சாய்ந்தால் வீட்டில் ஒரே ஒரு லைட்டுதான் எரியலாம். நான் படிக்கிற அறையில்தான் அம்மா கீரை ஆய்வாள், அங்கேயே அப்பா யூனிபாரத்துக்குப் பட்டன் தைப்பார். மூன்று பேரும் ஒரே வெளிச்சத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். பத்தாம் வகுப்புப் பரீட்சை நான் அப்படித்தான் படித்தேன், நம்புவீர்களா? ஹாஸ்டலில் எனக்கென்று தனி லைட் இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்தால் ஏனோ படிப்பு ஓடமாட்டேன் என்கிறது. பல்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, லைட்டை விடுங்கள். என் சண்டை பத்திரிகை விஷயத்தில்தான். நம் பக்கம் உங்களுக்குத் தெரியாததா? தை, வைகாசி, ஆவணி என்றால் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வாரத்துக்கு இரண்டு பத்திரிகை வரும். ஒவ்வொன்றும் செலவு. பஸ்ஸுக்கு, மொய்க்கு, அம்மா தலையில் வைக்கிற பூவுக்கு. அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். எதற்கும் போவதில்லை, போன் செய்வது. அதுவும் எப்போது? பத்திரிகையில் போட்டிருக்கிற முகூர்த்த நேரத்துக்கே. தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவர் போன் எடுப்பாரா? சிலர் எடுத்துவிடுவார்கள் பாவம். அந்தப் பக்கம் மேளம் காதைக் கிழிக்கும். இந்தப் பக்கம் அப்பா கத்துவார்: "மனசு பூரா அங்கதாங்க இருக்குது! ஷிப்டு மாத்திக் குடுக்கலீங்க! நல்லா இருக்கணும்!" ஷிப்டை மாற்றிக் கொடுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்டதே இல்லை.

நான் கேட்டுவிட்டேன் ஒருநாள், "ஏம்பா இப்படிப் பொய் சொல்றீங்க?" என்று. அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "நாம போகவும் இல்ல, நம்ம வீட்டுக்கு வாங்கன்னு யாரையும் கூப்பிடவும் இல்ல பாப்பா. ஒருத்தருக்கும் பாக்கி இல்ல." உண்மைதான். வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே பால் காய்ச்ச மாட்டேன் என்றுவிட்டார். "அடமானத்துல இருக்கிறவரைக்கும் அது பேங்குக்காரன் வீடு. அவன் வீட்டுக்கு நான் எதுக்குப் பால் காய்ச்சணும்? நம்ம வீடாகட்டும், ஊரையே கூப்பிட்டுச் செய்யிறேன்" என்றார். நான் வயதுக்கு வந்தபோதும் விசேஷம் எதுவும் செய்யவில்லை. அந்த ஒன்றில் மட்டும் நான் அப்பா பக்கம். ஒரு பெண்ணின் உடம்பில் நடப்பதை மைக் செட் போட்டு ஊருக்குச் சொல்வது என்ன நாகரிகம்? பன்னிரண்டு வயதிலேயே எனக்கு அந்தத் தெளிவு இருந்தது. அம்மாதான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. காரணம் தெரிந்ததுதானே, பழைய காலத்து மனுஷி.

அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. ஒரே தங்கை, அஞ்சலை சித்தி. அரூரில் இருக்கிறாள், சித்தப்பா டெம்போ ஓட்டுகிறார். ஐந்து வருடத்துக்கு முன்னால் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. கூடப்பிறந்த அக்கா போகாத கல்யாணமா? அம்மா முதல் நாள் மத்தியானமே பட்டுப்புடவையைப் பையில் வைத்துத் தயாராக உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஷிப்டு முடிந்து வந்தார். பையைப் பார்த்தார். பெரியம்மா முறைக்கு வெறும் கையோடு போக முடியாது, அரைப் பவுனாவது போட வேண்டும், அதை அசலில் கட்டினால் எத்தனை மாதத் தவணை குறையும் என்று நிதானமாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அம்மா பையைப் பிரித்துப் புடவையைப் பீரோவில் வைத்தாள்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அப்பா போன் செய்தார். சித்தி எடுத்தாள். "மாமா, அக்காகிட்ட குடுங்க" என்றாள். எனக்கே கேட்டது. அம்மா மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை, ஒன்றும் இல்லை. அப்படியே நின்றுபோனது.

ஜன்னலைச் சாத்தவா? சரி, இருக்கட்டும்.

இந்த வருடம் கடன் முடிந்து பத்திரம் கைக்கு வந்தது. அப்பா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் வேலையை விட்டார். அதற்கு அடுத்த வாரம் பத்திரிகை அடித்தார், இருநூறு! தங்க எழுத்து! கையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி ஊர் ஊராகப் போய் வைத்தார். இத்தனை வருடமாக அவர் போனில் மட்டும் வாழ்த்திய வீடுகளுக்கெல்லாம் போனார். ஒரு வீட்டில் "நீங்க யாருங்க?" என்று கேட்டார்களாம். அதை எனக்குப் போன் செய்து தமாஷாகச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அப்பா, யாரும் வரமாட்டாங்க. நீங்க யார் வீட்டுக்குப் போனீங்க?" என்றேன். "வராம எப்படிப் பாப்பா? நாம யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணலியே" என்றார். இந்த மனிதரிடம் என்ன வாதம் செய்வது, சொல்லுங்கள்.

எனக்கும் இருபது பத்திரிகை அனுப்பினார், தோழிகளுக்குக் கொடுக்கச் சொல்லி. நான் கொடுக்கவில்லை. போக வர முந்நூறு ரூபாய் ஆகும், யார் வருவார்கள்? அவர்களுக்கு ஏன் வீண் செலவு வைக்க வேண்டும்? அது மட்டுமில்லை, எனக்கும் என் அறையில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் பேச்சு இல்லை. ஒருத்தியின் பிறந்தநாளுக்கு கேக் வாங்க ஆளுக்கு நாற்பது ரூபாய் கேட்டார்கள். நான் தரமாட்டேன் என்றேன். பணத்துக்காக இல்லை அக்கா, கொள்கை. பிறந்ததற்கு எதற்குக் கொண்டாட்டம், அதில் யாருக்கு லாபம், பேக்கரிக்குத்தானே? இதை விளக்கமாகச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். வாதத்தில் நிற்க முடியாதவர்கள் அப்படித்தான் எழுந்து போவார்கள்.

நேற்றைய கதைக்கு வருகிறேன். வீடு புதிதாகத் தெரிய வேண்டும் என்று அப்பா பெயின்ட் அடித்துவிட்டார். கதவுக்குப் பக்கத்தில் வருடா வருடம் என் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள் அம்மா. அதன் மேலேயும் அப்பா அடித்துவிட்டார். "புது வீட்டுச் சுவத்துல கிறுக்கல் இருக்கலாமா?" என்கிறார். முந்தின நாள் வீட்டைப் பூட்டி, எங்களை எதிர்வீட்டு மொட்டை மாடியில் படுக்க வைத்தார். குடியிருக்கிற வீட்டுக்குள்ளிருந்தே எப்படிக் குடிபுக முடியும் என்று வாதம். விடியற்காலையில் சாமி படம், நிறைகுடம், உப்பு, மஞ்சளோடு நாங்கள் மூன்று பேரும் தெருவில் நின்று, எங்கள் வீட்டை முதல் தடவை பார்க்கிறவர்கள் மாதிரி உள்ளே போனோம். பசு வாசல் வரை வந்து நின்றுவிட்டது. டைல்ஸைப் பார்த்து அதற்குப் பயம்.

அம்மா புது அடுப்பில் பாலை வைத்தாள். பொங்கி வரும்போது என் காதுகிட்ட குனிந்து சொன்னாள்: "குடிவந்த அன்னிக்கே நான் காய்ச்சிட்டேன் பாப்பா. உங்கப்பா ஷிப்டுக்குப் போனப்புறம். கால் லிட்டர் வாங்கினேன். நீ ஒரு டம்ளர் குடிச்சே, உனக்கு ஞாபகமில்ல." எனக்கு ஞாபகமே இல்லை அக்கா.

வாசலில் பந்தல். நூறு நாற்காலி. இருநூறு பேருக்குச் சாப்பாடு, வடை பாயசத்தோடு. விடியற்காலையில் நடந்தது எங்களுக்கு மட்டும், ஊருக்கு ஒன்பது மணிக்கு மேல் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சந்தனக் கிண்ணமும் கல்கண்டுமாக வாசலில் நின்றார். ஒன்பதே கால் வரைக்கும் வந்தது பதினோரு பேர். எதிர்வீடு, பக்கத்து வீடு, கம்பெனியில் கூட வேலை பார்த்த இரண்டு பேர். "பஸ்ஸு லேட்டு போலக்குது" என்றார். பிறகு போன் அடித்தது. எடுத்தார். அதை வைப்பதற்குள் இன்னொன்று. பிறகு ஒன்று மாற்றி ஒன்று, அக்கா, பத்தரை வரைக்கும்! "மனசு பூரா அங்கதாங்க இருக்குது", "லீவு கிடைக்கலீங்க", "நல்லா இருக்கணும்." ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார், அதனால் எங்களுக்கும் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே நீங்கள்! "அறுபது பேருக்கு மேல போன் பண்ணிட்டாங்க பாப்பா! மறக்காம சரியா அந்த நேரத்துக்கே பண்ணாங்க பாரு!" என்கிறார். குத்திக்காட்டுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு வாதத்தை விட்டேன்.

சமையல்காரர் சும்மா இருப்பாரா? "சாம்பாரையும் போன்லயே ஊத்திடலாங்களா?" என்று கேட்டார். அப்பா அதற்கும் சிரித்தார். மத்தியானம் ஆனதும் தெருக்கோடியில் அபார்ட்மென்ட் கட்டுகிற வடநாட்டுத் தொழிலாளர்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது. ஒவ்வொருவர் இலைக்கும் குனிந்து அவரே பரிமாறினார். "நம்ம வீடுதாங்க, கூச்சப்படாம சாப்பிடுங்க. கடன் ஒண்ணும் இல்ல" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அப்பாவை விடுங்கள். அவருக்கு அறுபது போன் வந்துவிட்டது. அம்மாதான்...

அம்மா காலையிலிருந்து வாசலை விட்டு நகரவில்லை. புதுமனைக்குத் தாய்வீட்டுச் சீர் வர வேண்டும் இல்லையா? தாய்வீடு என்று அம்மாவுக்கு இருப்பது சித்தி ஒருத்திதான். அப்பா அரூர் போய் டெம்போ ஸ்டாண்டில் சித்தப்பா கையில் பத்திரிகை கொடுத்துவிட்டு வந்திருந்தார். அம்மா கூடப் போகவில்லை. "எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போவேன்?" என்றாள். ஆனால் சித்திக்கென்று ஒரு புடவை எடுத்து வைத்திருந்தாள், அரக்கு நிறத்தில். "தட்டுகளோட பஸ்ஸுல ஏற முடியாது. டெம்போவுலதான் வருவாங்க" என்று எனக்குச் சொன்னாள். நான் கேட்காமலேயே சொன்னாள். எங்கள் தெருவில் செங்கல், ஜல்லி ஏற்றிக்கொண்டு நாள் பூராவும் டெம்போ போகும். ஒவ்வொரு சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தாள். சாப்பிடச் சொன்னேன், "வரட்டும்" என்றாள். மூன்று மணிக்குப் பந்தல்காரர்கள் வந்து நாற்காலியை அடுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் உள்ளே வந்தாள்.

சித்தி மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதா? வர வேண்டாம். சித்தி போன வாரம் எனக்குப் போன் செய்தாள்.

ஆமாம், எனக்குத்தான். ஹாஸ்டலில் இருந்தேன். "பத்திரிகை வந்துச்சு பாப்பா. உங்கம்மா வாயால ஒரு வார்த்தை வரல. நான் சீர் எடுத்துக்கிட்டு வரலாமா, வேணாமா? அவ என்ன நினைக்கிறா? நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு" என்றாள். படித்த பெண் என்று என்னை மதித்துக் கேட்டாள். நானும் மதித்துப் பதில் சொன்னேன். "சித்தி, இந்தச் சீர் வரிசையே தப்பு. கூடப்பிறந்தவங்களுக்குள்ள என்ன கொடுக்கல் வாங்கல்? கடன் வாங்கி ஒன்பது தட்டு தூக்கிட்டு வர்றதுக்கு வராமலே இருக்கலாம்" என்றேன். அம்மா வராத கல்யாணத்தைப் பற்றியும் சொன்னேன். அதில் அம்மாவின் தவறு எவ்வளவு, அப்பாவின் தவறு எவ்வளவு, சித்தியின் தவறு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னேன். கால் மணி நேரம் பேசினேன். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் "சரிம்மா" என்றாள்.

"சரிம்மா" என்றால் ஒத்துக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்?

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. நான் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டு வேண்டாம் என்றுதான் சொன்னேன். வெறும் கையோடு வந்திருக்கலாமே? அம்மா என்ன, தட்டையா எண்ணப்போகிறாள்? நான் சொன்னதில் எந்த வரி தப்பு, நீங்களே சொல்லுங்கள். ஒரு வரியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்று காலையில் பஸ் ஏற்றிவிட அம்மா வந்தாள். வண்டி கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, சித்தி உன்கிட்ட ஏதாச்சும் பேசினாளா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. விளக்கிச் சொல்ல நேரம் இல்லை, அதனால்தான். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். அம்மா "சரி" என்று தலையை ஆட்டினாள். கையை எடுக்காமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள்.

தருமபுரி வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள், நான் காலை மடக்கிக்கொள்கிறேன். என்ன? ஆமாம், அரூருக்கு இங்கேயிருந்துதான் வண்டி, தெரியும். ஒரு மணி நேரம்தான், அதுவும் தெரியும். நானா? இப்போதேவா? போய் என்ன சொல்வது? "அம்மா சாப்பிடாம உட்கார்ந்திருந்தா" என்று சொன்னால் போதுமா? அதில் வாதமே ஒன்றும் இல்லையே அக்கா.

இல்லை, பாருங்கள், நான் பல்கலைக்கழகம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். இங்கே இறங்கினால் நாற்பது ரூபாய்க்கு மேல் வீண். கொடுத்த காசு எப்படியும் போனதுதான், அதை நினைத்து இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருப்பது முட்டாள்தனம் என்று எங்கள் பாடத்திலேயே ஒரு அதிகாரம் இருக்கிறது. அதில் நான்தான் வகுப்பில் முதல் மதிப்பெண்.

கண்டக்டர் விசில் கொடுக்கிறார், பார்த்து இறங்குங்கள். கீழே நின்று கூப்பிடாதீர்கள் அக்கா, எல்லோரும் பார்க்கிறார்கள். இன்னொரு நாள் போகிறேன். நிச்சயமாகப் போகிறேன். இன்றைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.